ஒல்லாந்த தேசத்து ஓவியர்களின் வரவும் செலவும்

சித்திரக் கலையின் மேன்மையைப் புகழ்ந்துரைப்போர் எக்காலத்தும் உளர். அச்சித்திரத்தை எழுதியவன் அன்றைய தினம் எதை உண்டான், குடியிருந்த வீட்டுக்கு வாடகை கொடுத்தானா, கடைக்காரனிடம் அவன் வைத்த பாக்கி எவ்வளவு என்று விசாரிப்போர் மிகச் சிலரே. சம்பளமும் மானியமும் இன்றி, ஆதரிக்கும் பிரபு ஒருவரும் இன்றி, தன் கைவேலையைத் தானே விற்று ஜீவிக்கும் கலைஞனுடைய கஷ்டம் இக்காலத்தில் புதிதாய்த் தோன்றிய ஒன்று என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது. 17 ஆம் நூற்றாண்டிலேயே ஒரு தேசத்து ஓவியரெல்லாம் இந்நிலையில் அகப்பட்டு உழன்றிருக்கின்றனர். அத்தேசம் ஒல்லாந்து.

அந்நாட்டவர் கடன் வாங்கினாலும், வீடு விற்றாலும், விவாக உடன்படிக்கை செய்தாலும் பத்திரம் எழுதுவோர் முன் சென்று எழுதி வைக்கும் வழக்கமுடையோர். யாழ்ப்பாணத்து அன்பர்கள் வழங்கும் நொத்தாரிசு என்னும் சொல்லும் அவர்கள் விட்டுச் சென்றதே. அவ்வாறு எழுதப்பட்ட பத்திரங்கள் பல அந்நாட்டு நகரங்களின் சாசனச் சாலைகளில் பத்திரமாக இருக்கின்றன. ஆதலால் ஓவியர்களைப் பற்றி உலகம் கட்டிய கதைகளை ஒரு புறம் வைத்துவிட்டு, அவர்கள் வரவு செலவையே நாம் நோக்கக்கூடும்.

முன்னர் ஐரோப்பாக் கண்டத்தில் ஓவியனைக் காப்பாற்றியவர் இருவர்: ஒன்று திருச்சபை, மற்றொன்று அரசன். ஸ்பெயின் தேசத்து வெலாஸ்குவேஸ் 1623 இல் அரசவை ஓவியராய் அமர்ந்து, இறக்குமளவும் அரண்மனைச் சம்பளம் பெற்றார். ஆண்ட்வெர்ப் நகரத்து ரூபென்ஸுக்கு 1609 முதல் ஆண்டொன்றுக்கு 500 கில்டர் உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஒல்லாந்திலோ இவ்விரண்டு வாயிலும் ஏறக்குறைய அடைபட்டுப் போயின. 1566 இல் சீர்திருத்த மதத்தினர் கோயில்களிற் புகுந்து சொரூபங்களையும் படங்களையும் உடைத்தெறிந்தனர். பின்பு ஸ்பெயின் அரசனுடன் 1568 முதல் 1648 வரை போர் நடந்தது. போரின் பயனாய் எழுந்தது அரசனற்ற குடியரசு. அதன் கோயிற் சுவர்கள் வெள்ளையடித்து வெறுமையாய் நின்றன. ஆரஞ்சு இளவரசரின் சிறிய சபை ஒன்றைத் தவிர, ஓவியனை அழைத்து வேலை கொடுக்கும் பெரிய வாசல் அந்நாட்டில் இல்லாது போயிற்று.

ஆனால் பணம் இருந்தது. 1602 இல் அமைந்த கிழக்கிந்தியக் கம்பெனி கீழ்த்திசை முழுவதும் கப்பல் ஓட்டிற்று. நம் சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டிலே 1613 இல் கோட்டை கட்டி, நம் நெசவாளர் நெய்த துணிகளை ஏற்றிச் சென்றவர்களும் இவர்களே. அவ்வியாபாரத்தாலும் பிறவற்றாலும் வந்த செல்வம் கப்பற்காரர், மதுபானம் வடிப்போர், துணி வெளுப்போர், ரொட்டிக் கடைக்காரர் முதலிய நடுத்தரக் குடிகள் வரை பரவிற்று. அவர்கள் தங்கள் வீட்டுச் சுவரை அலங்கரிக்கப் படம் வாங்கினார்கள். 1641 இல் ராட்டர்டாம் சந்தையைக் கண்ட ஜான் ஈவ்லின் என்னும் ஆங்கிலப் பிரயாணி, அங்கே விற்பனைக்கு வைத்திருந்த படங்களின் தொகையையும், குடியானவர் வீடுகளிலும் படங்கள் நிறைந்திருந்ததையும் வியந்து தம் தினக்குறிப்பில் எழுதியிருக்கின்றார். அந்நூற்றாண்டின் நடுவில் அச்சிறு நாட்டில் ஏறக்குறைய 700 ஓவியர் தொழில் செய்தனர் என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர்.

இவ்வாறு ஓவியன் பிரபுவின் பிடியினின்று விடுபட்டான். தனக்கு விருப்பமானதை எழுதலாம். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் வாங்காமலும் இருக்கலாம். இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கில்டருக்கு 20 ஸ்டைவர். கைதேர்ந்த தச்சன் அல்லது கொத்தன் ஓராண்டில் சற்றேறக்குறைய 300 கில்டர் சம்பாதிப்பான். சாதாரண ஓவியன் எழுதிய சிறிய இயற்கைக் காட்சிப் படம் 10 கில்டருக்கு விற்றால் அது நல்ல விலையே. ஆகத் தச்சனுக்குச் சமமாய் வாழ அவன் ஆண்டுக்கு 30 படங்களுக்கு மேல் எழுதவேண்டும். எழுதினாற் போதாது, அத்தனையும் விற்கவேண்டும். பலகை, துணி, எண்ணெய், வர்ணம், சட்டம் இவற்றின் செலவு வேறு. நல்ல நீல வர்ணம் ஆப்கானிஸ்தானத்து மலைகளில் எடுக்கும் கல்லை அரைத்துச் செய்வதாகையால் மிக்க விலையுள்ளது. தச்சனுக்கோ வார முடிவில் கூலி கைக்கு வந்துவிடும். ஓவியன் படம் ஒரு மாதத்தில் மூன்று விற்கும், பின் ஆறு மாதம் ஒன்றும் விற்காது. ரொட்டியோ நாள்தோறும் வேண்டும். நாம் மேலே கூறப்போகும் வரலாறுகளில் ரொட்டிக் கடைக்காரன் அடிக்கடி தலைகாட்டுவதற்குக் காரணம் இதுவே.

ஓவியர்கள் தமக்குள் சங்கம் வைத்துக்கொள்ளாமலும் இல்லை. ஊர்தோறும் புனித லூக்கா சங்கம் என்ற ஒன்று இருந்தது. அதில் உறுப்பினனாகாதவன் அவ்வூரில் படம் எழுதி விற்கக்கூடாது. பிற ஊர்ப் படங்கள் சந்தை நாட்களில் மட்டுமே விற்கலாம். இளைஞன் ஆண்டுக்கணக்கில் ஆசானிடம் பயின்ற பின்னரே சங்கத்தில் சேரலாம். சங்கம் என்பதன் அருமை நம் இதழைப் படிப்போர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. எனினும் அச்சங்கத்தால் போட்டியைச் சிறிது குறைக்க முடிந்ததேயன்றி, வாங்குவோரை உண்டாக்க முடியவில்லை. ஏலக்காரரும், குலுக்குச் சீட்டு நடத்துவோரும் சங்கத்தின் வேலியைத் தாண்டி மலிவு விலையில் படங்களை ஊருக்குள் கொண்டு வந்த வண்ணம் இருந்தனர்.

ஹார்லெம் நகரத்து பிரான்ஸ் ஹால்ஸை முதலில் எடுத்துக்கொள்வோம். மனித முகத்தில் சிரிப்பைப் பிடித்து நிறுத்துவதில் அவருக்கு நிகரானவர் இலர். 1633 இல் ஆம்ஸ்டர்டாம் நகரக் காவற்படையினர் 16 பேர் தங்களை ஒன்றாக வைத்துப் படம் எழுதும்படி அவரைக் கேட்டுக்கொண்டனர். தலைக்கு 60 கில்டர் என்று முதலில் பேச்சு. பின்பு 66 ஆக உயர்ந்தது. மொத்தம் 1,056 கில்டர். பெருந்தொகைதான். ஆனால் வேலை ஆம்ஸ்டர்டாமில். ஹால்ஸின் வீடோ ஹார்லெமில். போகவர ஆகும் செலவும், அவ்வூரில் தங்கிச் சாப்பிடும் செலவும் அவர் கைப்பொருளைத் தின்றன. படையினர் ஹார்லெமுக்கு வந்து அமர்ந்தால் எழுதி முடிப்பேன் என்றார் அவர். நீர் இங்கே வந்துதான் முடிக்கவேண்டும் என்றனர் அவர்கள். 1636 இல் இருபுறமும் பத்திரம் எழுதுவோர் மூலம் அறிக்கை விடுத்துக்கொண்டு வழக்கு முற்றிற்று. முடிவில் பீட்டர் கோட்டே என்னும் வேறொருவர் 1637 இல் அப்படத்தை முடித்துக் கொடுத்தார். வெளியூர் வேலைக்கு ஒப்புக்கொள்ளும் எந்தக் கைத்தொழிலாளியும் இதை வாசித்தவுடன், வழிச்செலவை முதலிலே பேசி முடிக்காமற் போனாரே என்று பெருமூச்சு விடுவான்.

1654 இல் ஹால்ஸ் ஒரு ரொட்டிக்காரனுக்கு 200 கில்டர் பாக்கி வைத்தார். அதற்கு ஈடாக எழுதிக் கொடுத்த பொருட்களின் ஜாபிதா கிடைத்திருக்கிறது: மூன்று மெத்தையும் தலையணையும், ஓர் அலமாரி, ஒரு மேஜை, ஐந்து படங்கள். அவ்வளவே. 1662 இல் எண்பது வயதை எட்டிய கிழவர் நகர சபையாரிடம் விண்ணப்பம் செய்துகொண்டார். சபையார் இரங்கி உதவினர். 1664 முதல் ஆண்டுக்கு 200 கில்டரும், அடுப்பெரிக்க மூன்று வண்டி நிலக்கரிப் புல்லும் கொடுத்தனர். அவ்வாண்டிலேதான் அவர் முதியோர் தரும விடுதியின் தலைவர்களையும் தலைவிகளையும் எழுதினார். அவ்விடுதியிலேயே பிச்சைக்காரராய் அவர் கிடந்தார் என்றும், அதனால் பழிவாங்கும் எண்ணத்துடன் அம்முகங்களை எழுதினார் என்றும் பிற்காலத்தார் ஒரு கதை புனைந்தனர். அதற்கு ஆதாரம் இல்லை. வறுமையை நாடகமாக்கிப் பார்ப்பதில் மக்களுக்கு ஒரு சுவை உண்டுபோலும். 1666 இல் ஹால்ஸ் காலமானார். அவருடைய மனைவி 1675 இல் ஊரார் தரும நிதியில் வாரம் 14 ஸ்டைவர் பெற்றுக் காலங்கழித்தாள்.

வேறு தொழிலைத் துணைக்கொண்டோரும் பலர். ஜான் வான் கோயன் என்பவர் மெல்லிய வர்ணத்தில் விரைந்து எழுதிக் குவிப்பதில் வல்லவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் எழுதியவர். விரைவால் வந்த பணத்தை நிலத்திலும், துலிப் என்னும் பூவின் கிழங்கிலும் போட்டார். அக்காலத்தில் அக்கிழங்கின் விலை நாளுக்கு நாள் ஏறி, பித்துப் பிடித்தாற்போல் ஜனங்கள் வாங்கிய சமயம். 1637 ஜனவரி கடைசியில் அவர் ஹேக் நகரத்துத் தலைவர் ஒருவரிடம் கிழங்குகள் வாங்கினார். விலையின் ஒரு பகுதியைத் தம் படங்களாகவே கொடுப்பதாக ஏற்பாடு. பிப்ரவரியில் விலை அடியோடு விழுந்தது. 1656 இல் அவர் இறந்தபோது கடன் 18,000 கில்டர் நின்றது. அவருடைய மருமகன் ஜான் ஸ்டீன் டெல்ப்டு நகரில் பீர் வடிக்கும் சாலை நடத்திக் கைவிட்டு, 1672 இல் லேய்டனில் மதுக்கடை வைத்தார். நிலவொளிக் காட்சிகளை எழுதிய ஆர்ட் வான் டர் நீரும் மதுக்கடை வைத்து 1662 இல் திவாலானார். ஹோபெமா மட்டும் சற்று விவேகமாய் நடந்தார் என்னலாம். அவர் 1668 இல் ஆம்ஸ்டர்டாமில், வெளிநாட்டிலிருந்து வரும் திராட்சை மது முதலியவற்றை அளக்கும் உத்தியோகத்தைப் பெற்றார். அதன்பின் அவர் எழுதிய படங்கள் சொற்பமே. அவற்றுள் ஒன்று 1689 இல் எழுதிய மிடல்ஹார்னிஸ் சாலைக் காட்சி. உத்தியோகம் சோறு போட்டது. எத்தனை படங்களை விழுங்கிற்று என்பதை யார் அறிவார்?

நிரந்தர வரும்படி பெற்றோர் மிகச் சிலர். லேய்டன் நகரத்து ஜெரார்டு டௌ என்பவரிடம், ஸ்வீடன் தேசத்தின் பிரதிநிதியாய் ஹேக்கில் இருந்த பீட்டர் ஸ்பீரிங் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். டௌ எழுதும் படங்களை முதலிற் பார்த்துத் தெரிந்தெடுக்கும் உரிமைக்காக மட்டும் ஆண்டுக்கு 500 கில்டர். படம் வாங்கினால் அதன் விலை வேறு. இத்தொகை சிறிய குடும்பம் ஒன்றை நன்றாகக் காப்பாற்றப் போதும். இந்தக் கவலையின்மையாலேயே டௌ ஒரு படத்துக்கு வேண்டிய காலத்தைச் செலவிட்டு நுட்பமாய் எழுதி, பெருவிலைக்கு விற்று, செல்வராய் இறந்தார் என்பது நம் கருத்து. அவர் ஹால்ஸைக் காட்டினும் சிறந்தவர் என்று இன்று ஒருவரும் சொல்லார்.

இனி ரெம்பிராண்டின் கதைக்கு வருவோம். லேய்டனில் மாவரைப்போர் குடும்பத்தில் 1606 இல் பிறந்த இவர், ஆம்ஸ்டர்டாம் வந்து சில ஆண்டுகளில் நாட்டின் முதல் ஓவியராகப் போற்றப்பட்டார். 1634 இல் நல்ல சொத்துள்ள சாஸ்கியா என்னும் பெண்ணை மணந்தார். மாணாக்கர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 100 கில்டர் கொடுத்துப் பயின்றனர். இவ்வளவு சீர் இருந்தும் பணம் கைக்கு வந்து சேருவதில் இருந்த தொல்லையை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. அவர் கைப்படக் கிடைத்த கடிதங்கள் ஏழே. ஏழும் இளவரசரின் காரியதரிசி ஹைகன்ஸுக்கு எழுதியவை. கலையின் தத்துவத்தை அவற்றில் தேடுவோர் ஏமாறுவர்; பெரும்பகுதி பணம் பற்றியதே. இளவரசருக்கென எழுதிய கிறிஸ்துவின் பாடு பற்றிய படங்களுள் இறுதி இரண்டுக்கு ஒவ்வொன்றும் 1,000 கில்டர் பெறும் என்றார். பின்பு 600 போதும் என்று இறங்கி வந்தார். கருங்காலிச் சட்டத்துக்கும் பெட்டிக்கும் தாம் போட்ட 44 கில்டரையாவது சேர்த்துத் தருக என்று வேண்டினார். 1639 பிப்ரவரியில் 1,244 கில்டர் கொடுக்க உத்தரவாயிற்று.

அவர் அவ்வளவு அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. அவ்வாண்டு ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமில் 13,000 கில்டருக்கு ஒரு பெரிய வீடு வாங்கியிருந்தார். கால் பங்கு ஓராண்டுக்குள், மீதி ஐந்தாறு ஆண்டுகளுக்குள் என்பது நிபந்தனை. 1642 இல் எழுதிய, இரவுக் காவல் என்று உலகம் அழைக்கும் பெரும்படத்துக்கு அவர் பெற்றது 1,600 கில்டர் அளவே. அவருடைய புகழெல்லாம் திரண்ட அப்படத்தின் கூலி வீட்டு விலையில் எட்டிலொரு பங்கு! அவ்வாண்டே சாஸ்கியா இறந்தாள். வீட்டுப் பாக்கி தீரவில்லை. கையில் வந்த பணத்தையோ அவர் ஏலங்களில் செலவிட்டார்: பிறர் எழுதிய படங்கள், அச்சுச் சித்திரங்கள், பழைய கவசங்கள், சிலைகள், கடற்சங்குகள். அது வீண் ஆடம்பரம் என்று கண்டிப்போர் உளர். அவர் படங்களிற் காணும் தலைப்பாகையும் ஆயுதமும் எங்கிருந்து வந்தன என்று அவர்கள் யோசிக்க வேண்டும். நம் தேசத்து மொகலாய ஓவியங்களைக் கூட வைத்துக்கொண்டு அவர் பிரதி எழுதியிருக்கின்றார். அவ்வரைவுகளில் இருபதுக்கு மேல் இன்றும் உள்ளன. தொழிலுக்கு வேண்டிய கருவி எது, ஆசைக்கு வாங்கிய பொருள் எது என்று கலைஞன் வீட்டில் கோடு கிழிப்பது கடினம். எனினும் வீட்டுக் கடன் நிற்க ஏலத்துக்குப் போனது பெரும் பிழை என்பதை நாமும் மறுக்கவில்லை.

1653 இல் வீட்டை விற்றவர் பொறுமையிழந்தார். வட்டியும் வரியும் சேர்த்து 8,470 கில்டர் நின்றது. ரெம்பிராண்டு கோர்னேலிஸ் விட்சன் என்னும் நகரத் தலைவரிடம் 4,180 கில்டரும், ஹெர்ட்ஸ்பேக் என்னும் வணிகரிடம் 4,200 கில்டரும், தம் நண்பர் ஜான் சிக்ஸிடம் 1,000 கில்டரும் கடன் வாங்கினார். ஒரு கடனை அடைக்க மூன்று கடன். கூட்டினால் பழைய கடனினும் 900 கில்டருக்கு மேல் அதிகம். அந்தக் காலம் ஆங்கிலேயருடன் கடற்போர் நடந்து வியாபாரம் தளர்ந்திருந்த காலம். படம் வாங்குவோர் குறைந்தனர். 1656 ஜூலையில் அவர் தம் சொத்தையெல்லாம் கடன்காரருக்கு ஒப்புவிக்கிறேன் என்று உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்தார். அதிகாரிகள் வந்து அறை அறையாய்ச் சென்று ஜாபிதா எடுத்தனர், 363 இனங்கள். பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த அச்சுச் சித்திரங்களும் வரைவுகளும் ஏலத்தில் 600 கில்டருக்கே போயின. வீடு 1658 இல் 11,218 கில்டருக்கு விற்றது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்ததும் அவ்வாண்டேயாம். அத்தேசத்தின் கப்பல்கள் வெற்றிக்கொடி நாட்டிய காலமும், அத்தேசத்தின் தலைசிறந்த ஓவியர் வீடிழந்த காலமும் ஒன்றாயிருந்தமை நோக்கத்தக்கது.

பின்பு அவர் ரோசன்கிராக்ட் என்னும் தெருவில் ஆண்டுக்கு 225 கில்டர் வாடகையில் குடியேறினார். இனி எழுதும் படத்தையும் கடன்காரர் கொண்டுபோவரே என்ற அச்சத்தால், 1660 டிசம்பரில் அவர் குடும்பத்தார் ஓர் உபாயம் செய்தனர். அவருடன் வாழ்ந்த ஹென்ட்ரிக்கியும் மகன் டைட்டஸும் பங்காளிகளாய்ப் பட வியாபாரம் தொடங்கினர். ரெம்பிராண்டு அதில் முதலாளியும் அல்லர், பங்காளியும் அல்லர். சோறும் இருக்க இடமும் பெற்று வேலை செய்து கொடுப்பவர். தம் படத்தைத் தாமே விற்கும் உரிமை அவருக்கு இல்லை! சொந்த மகனிடம் வேலைக்காரராய்ப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்த அந்தத் தகப்பனாரின் மனம் எப்படியிருந்ததோ நாம் அறியோம். கை மட்டும் ஓயவில்லை என்பது தெரிகிறது. துணி வணிகர் சங்கத்துத் தலைவர்களை அவர் எழுதிய புகழ்பெற்ற படம் 1662 இல் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பணமுடை தாளாமல், பழைய தேவாலயத்தில் இருந்த சாஸ்கியாவின் கல்லறையை விற்றார். 1663 இல் ஹென்ட்ரிக்கியும், 1668 இல் டைட்டஸும் இறந்தனர். 1669 அக்டோபர் 4 ஆம் நாள் அவரும் கண்மூடினார்.

ரெம்பிராண்டின் கேட்டுக்கு அவர் கைச்செலவே காரணம் என்று கூறி மனம் ஆறுவோர், டெல்ப்டு நகரத்து யோஹானஸ் வெர்மியரை நோக்குவாராக. அவர் மாமியார் வீட்டிலே அடக்கமாய் வாழ்ந்தவர். நான்கு முறை சங்கத் தலைவர்களுள் ஒருவராய் இருந்தவர். ஆயினும் தொடக்கமே குறுகிய கையுடன்தான். 1653 டிசம்பரில் சங்கத்திற் சேர்ந்தபோது கட்டணம் 6 கில்டர். அவர் கட்டியது ஒன்றரைக் கில்டர். மீதியைக் கட்டி முடிக்க 1656 ஜூலை ஆயிற்று. அவர் ஆண்டுக்கு இரண்டு மூன்று படங்களுக்கு மேல் எழுதியதில்லை. விலையுயர்ந்த நீல வர்ணத்தை மட்டும் சிக்கனமின்றி உபயோகித்தார். நமக்குக் கிடைத்தவை ஏறக்குறைய 35 படங்களே. வான் ருய்வன் என்னும் செல்வர் அவற்றிற் பலவற்றை வாங்கி ஆதரித்தார். தந்தை வழி வந்த சத்திரத்தின் வாடகையும், பிறர் படங்களை வாங்கி விற்பதில் வந்த லாபமும் இருந்தன. 1663 இல் பிரெஞ்சுப் பிரயாணி மோன்கோனிஸ் அவரைத் தேடிச் சென்றபோது வீட்டிலே காட்ட ஒரு படமும் இல்லை. ஊர் ரொட்டிக்காரனிடம் ஒன்று இருக்கிறதென்று அங்கே சென்று பார்த்தார்.

வெர்மியருக்குப் பதினைந்து குழந்தைகள் பிறந்து, பதினொருவர் தங்கினர். இந்நிலையில் 1672 வந்தது. பிரான்சும் இங்கிலாந்தும் வேறிரு சிற்றரசரும் ஒன்றுகூடி ஒல்லாந்தைத் தாக்கினர். பகைவரைத் தடுக்க ஒல்லாந்தர் தங்கள் கரைகளையே உடைத்துத் தண்ணீரை வயல்களிற் பாய்ச்சினர். வாழ்வா சாவா என்ற வேளையில் படம் வாங்குவார் யார்? வெர்மியருடைய சொந்தப் படமும் விற்கவில்லை. வாங்கி வைத்திருந்த பிறர் படங்களும் தேங்கின. 1675 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் சென்று 1,000 கில்டர் கடன் வாங்கினார். டிசம்பரில், நாற்பத்து மூன்றாம் வயதில் இறந்தார். குழந்தைகளின் பாரத்தால் மனமுடைந்து, நன்றாயிருந்தவர் ஒன்றரை நாளில் மாண்டார் என்று அவர் மனைவி காதரீனா பின்னர் அதிகாரிகளிடம் தெரிவித்தாள்.

அவர் அடக்கமாகி ஆறு வாரங்களில், 1676 ஜனவரி 27 ஆம் நாள், காதரீனா ரொட்டிக்காரர் ஹென்ட்ரிக் வான் பாய்டனிடம் சென்று இரண்டு படங்களை ஒப்புவித்தாள். பாக்கி 617 கில்டர் 6 ஸ்டைவர். பெரிய குடும்பம் இரண்டு மூன்று ஆண்டுகள் உண்ட ரொட்டி அது. தவணையாய் ஆண்டுக்கு 50 கில்டர் கட்டிக் கடனைத் தீர்த்தால் படங்களைத் திருப்பித் தருவேன் என்று அவர் வாக்களித்தார். அவ்வளவு காலம் ரொட்டி கொடுத்துப் பொறுத்தவரை நாம் கொடியவர் என்று சொல்ல மாட்டோம். வெர்மியர் தம்மிடமே வைத்திருந்த, ஓவியக் கலை என்னும் படத்தைக் கடன்காரரிடமிருந்து காப்பாற்ற எண்ணிக் காதரீனா அதைத் தன் தாயார் பெயருக்கு எழுதி வைத்துப் பார்த்தாள். திவால் சொத்துக்குப் பொறுப்பாளராய் நியமிக்கப்பட்டவர், நுண்ணோக்கியால் உலகப் புகழ் பெற்ற லேயுவென்ஹூக். அவர் அதை ஒப்பவில்லை. படம் ஏலத்துக்கு வந்தது. காதரீனா 1687 இல் மறைந்தாள்.

1696 மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் வெர்மியர் எழுதிய 21 படங்கள் ஒரே நாளில் ஏலத்தில் விற்றன. அவை வான் ருய்வனின் மருமகனிடம் இருந்தவை. பால் ஊற்றும் பணிப்பெண் 175 கில்டர். டெல்ப்டு நகரக் காட்சி 200 கில்டர். சரிகைப் பின்னல் பின்னும் பெண் 28 கில்டர். இருபத்தொன்றும் சேர்ந்து 1,500 கில்டருக்குச் சிறிது மேல். ஓவியர் குடும்பத்துக்கு அதில் ஒரு ஸ்டைவரும் சேரவில்லை. பின் அவர் பெயரே உலகத்துக்கு மறந்து போயிற்று. முத்துத் தோடணிந்த பெண்ணை எழுதிய படம் 1881 இல் ஹேக் நகர ஏலமொன்றில் 2 கில்டருக்கு விலைபோயிற்று. ஏலக் கட்டணம் 30 சதம் தனி. வாங்கியவர் இறந்தபின் அவர் எழுதி வைத்த உயிலின்படி அது மௌரிட்ஸ்ஹைஸ் காட்சிசாலைக்குச் சேர்ந்தது. அதைக் காண இன்று உலகத்தின் பல திசைகளிலிருந்தும் ஜனங்கள் செல்கின்றனர்.

ரொட்டிக்காரர் வான் பாய்டன் 1701 இல், செல்வராகவே இறந்தார். அவர் வீட்டுப் பொருட்களை வரிசையாய் எழுதிய ஜாபிதாவில், வெர்மியர் எழுதிய பெரிய படம் ஒன்றும் சிறிய படங்கள் இரண்டும் காணப்படுகின்றன.